வெற்று எண் ஏழு

சொஹாரில் வெள்ளிக்கிழமை.
ஆய்வகத்தில் நானும் ஏசியின் இரைச்சலும்.
மூன்று வாரமாய் வளர்த்த படிகம்
கண்ணாடித் தட்டின் ஓரத்தில்
கல்லுப்புப் பருமனில் உட்கார்ந்திருந்தது.

யுரேனைல் நைட்ரேட், சோடா, சுண்ணம்.
காரம் எட்டைத் தாண்டிவிடாமல் காவல்.
பிறகு ஒன்றும் செய்யக்கூடாது.
மூடியைச் சற்றே திறந்து வைத்து
தண்ணீரைப் போகவிட வேண்டும்.
பாறை வெடிப்பில் தானாக நடக்கிற காரியம்;
எனக்குத்தான் கையுறையும் முகமூடியும்.

புற ஊதா விளக்கைப் போட்டேன்.
பச்சை.
கிளி, பாசி, தளிர் என்று
நாம் சொல்லிவைத்த எந்தப் பச்சையும் இல்லை.
விளக்கை அணைத்ததும் செத்துப்போகிற பச்சை.

விஷத்தை ஏன் நாமே செய்யவேண்டும் என்று
ஜெனலின் ஒருமுறை கேட்டாள்.
கள்ள நோட்டைப் பிடிக்க
கையில் ஒரு நல்ல நோட்டு வேண்டாமா என்றேன்.
உவமை சரியில்லை.
இங்கே நல்ல நோட்டு கிடையாது.

பதினொரு மணிக்கு நைட்ரஜன் லாரி வந்தது.
உருளையை இறக்கிவைத்த செல்லக்கனி போகாமல் நின்றான்.
சட்டைக்குள்ளிருந்து ஒரு லபன் பாட்டில்.
மோர் வாடை போகக் கழுவியிருந்தான்.
"எங்க கேம்ப் கிணத்துத் தண்ணி அக்கா.
குவாரிக்குப் பின்னால.
என்ன இருக்குன்னு பாக்க முடியுமா?"

படிவம் இல்லை. முத்திரை இல்லை.
எடுத்த தேதி, எடுத்தவர், அமிலம் சேர்த்த நேரம்
எதுவும் இல்லை.
ஒரு மாதிரிக்கு முப்பத்தெட்டு ரியால்,
சுவரில் ஒட்டியிருக்கிறது.
அவன் சம்பளத்தை நான் கேட்கவில்லை.

தினமும் ஆறு முறை வெற்று நீரை ஓட்டுவோம்.
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று
ஆறு தடவை நிரூபித்த பிறகுதான்
ஏதோ இருக்கிறது என்று சொல்ல வாயுண்டு.
இயந்திரம் பெயர் கேட்டது.
வெற்று எண் ஏழு என்று அடித்தேன்.

அவன் சுமந்துவந்த நைட்ரஜனிலேயே
அவன் தண்ணீரை உறையவைத்து
லேசரைத் திறந்தேன்.
திரையில் கோடு கொஞ்சநேரம் சோம்பிக் கிடந்தது.
பிறகு எழுந்தது, சீப்புப் பல்லாய்:
நானூற்று அறுபத்தைந்து, நானூற்று எண்பத்து நான்கு,
ஐந்நூற்று நான்கு.
என் படிகத்தின் கோட்டை எடுத்து மேலே வைத்தேன்.
பல்லுக்குப் பல் பொருந்தியது.
மூன்று வாரம் இதற்காகத்தான் காத்திருந்தேன்.
சந்தோஷப்பட்டேன் என்பதை
மறைக்க ஒன்றுமில்லை, ஒரு நொடிதான்.

லிட்டருக்கு நாற்பத்தொரு மைக்ரோகிராம்.
முப்பது வரை குடிக்கலாம் என்கிறது காகிதம்.

"மலை மாதிரி இருக்கே" என்றான் திரையைப் பார்த்து.
சிறுநீரகம் என்று ஆரம்பித்தேன்.
"கொதிக்க வெச்சுத்தான் குடிக்கிறோம் அக்கா.
காலைல நாலு மணிக்கே ஏத்தினா
அறுபத்திரண்டு பேருக்கு டீ,
ராத்திரிவரை அடுப்புலயேதான் கிடக்கும்."

கொதித்தால் கிருமி சாகும்.
இது சாகிற ஜாதி இல்லை.
தண்ணீர் போகும், இது நிற்கும்,
நிற்க நிற்கக் கெட்டிப்படும்.
திரும்பி என் கண்ணாடித் தட்டைப் பார்த்தேன்.
நான் மூன்று வாரமாய்ச் செய்ததை
அவர்கள் தினமும் செய்கிறார்கள்,
அடுப்பு வைத்து.

காகிதம் கேட்டான், முதலாளியிடம் காட்ட.
தலைப்புத்தாள் தர எனக்கு அதிகாரமில்லை.
பிப்பெட் முனை வந்த அட்டையைக் கிழித்து
41 என்று எழுதினேன்.
யோசித்து, கீழே என் முழுப்பெயரையும்.
ஞாயிறன்று மேலாளர் கேட்பார்:
வெற்று நீரில் யுரேனியம் எப்படி வந்தது?
கருவி கறைபட்டுவிட்டதா?
அந்தக் கோட்டை நான் அழிக்கவில்லை.

"கெட்டில் அடியில வெள்ளையா படிஞ்சிருக்கும் பாரு,
அதைக் கொஞ்சம் சுரண்டி
அடுத்த வெள்ளி கொண்டுவா."

சுரண்டவில்லை.
கெட்டிலையே தூக்கிக்கொண்டு வந்தான்,
கரிபிடித்த வயிறும் கம்பி கட்டிய பிடியுமாய்,
இரண்டு கையாலும்.

"அப்ப காலைல டீ?"

"எல்லாருக்கும் பெப்சி."